பிழை திருத்துவதும் பொதுப்பணியே

மென்பொருள் என்றதும் நிரல் எழுதுபவர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். அந்த மென்பொருளை எவ்வாறு நிறுவுவது, எந்தக் கட்டளை எதற்குப் பயன்படும், எங்கே எச்சரிக்கை தேவை என்பதை விளக்கும் ஆவணங்களை எழுதுபவர்களையும், அவற்றில் உள்ள பிழைகளைத் திருத்துபவர்களையும் பற்றி நாம் பேசுவதில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கவும், பயன்படுத்தவும், மாற்றவும் உரிமை தரும் திறந்த மூல மென்பொருளுக்கு ஆவணமே ஆசிரியர். ஆசிரியர் தவறாகச் சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் நிகழ்கிறது.

பைத்தான் மொழியை எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிவடைந்தது. மூன்றாம் பதிப்பில், திரையில் ஒரு சொல்லை அச்சிடும் 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயம். ஆனால், பழைய முறையையே கற்பிக்கும் பாடங்கள் இன்னும் உலவுகின்றன. அவற்றைப் பின்பற்றும் மாணவருக்கு முதல் வரியிலேயே பிழைச் செய்தி வருகிறது.

சென்னையில் பெரிய நிறுவனத்தில் பணியாற்றும் பொறியாளருக்கு இது ஒரு நிமிடத் தடங்கல். பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கேட்டுக்கொள்வார். திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் போன்ற ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவருக்குக் கேட்பதற்கு ஆளில்லை. தவறு ஆவணத்தில் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. தனக்கு இது வராது என்றே எண்ணுகிறார். ஆவணப் பிழையின் விலையைப் பெரும்பாலும் செலுத்துபவர் இவர்தான்.

கிட்ஹப் நிறுவனம் 2017-இல் நடத்திய ஆய்வில், முழுமையற்ற அல்லது காலாவதியான ஆவணங்களை எதிர்கொண்டதாக 93 சதவீதம் பேர் தெரிவித்தனர். ஆனால், பங்களிப்பாளர்களில் 60 சதவீதத்தினர் ஆவணப் பணியில் அரிதாகவே ஈடுபடுவதாகவோ, ஈடுபடுவதே இல்லை என்றோ கூறினர். பொருளாதாரம் பயின்றவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஒருவர் செய்யும் திருத்தத்தின் பயனை அனைவரும் அடைகிறார்கள். உழைப்போ அவர் ஒருவருடையது. பிறர் செய்யட்டும் என ஒவ்வொருவரும் காத்திருந்தால், பொதுக்குளம் தூர்வாரப்படாமல் கிடப்பதைப் போலப் பிழையும் அப்படியே கிடக்கும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கையேட்டுப் பக்கங்கள் இதற்குச் சான்று. உலகெங்கும் நிரலாளர்கள் நம்பியிருக்கும் அப்பக்கங்களைப் பராமரித்து வந்தவர், நிதி ஆதரவு இல்லாததால் பணியை நிறுத்திவைப்பதாக 2024 செப்டம்பரில் அறிவித்தார். அதன் பிறகே சில நிறுவனங்கள் நிதியளிக்க முன்வந்தன. அதுவரை அந்தப் பணிக்கு ஒரு விலை உண்டு என்பதையே பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

அப்படியானால், ஊக்கத்தொகை கொடுத்தால் போதுமா? இரு அனுபவங்கள் இரு வேறு பாடங்களைத் தருகின்றன. கணினி அறிவியல் அறிஞர் டொனால்ட் நூத், தம் நூல்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்புவதை வழக்கமாக வைத்திருந்தார். 256 என்பது பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் 100 ஆகும். பெற்றவர்களில் பலர் அதை வங்கியில் செலுத்தாமல் சட்டமிட்டு மாட்டி வைத்தனர். 2008 முதல் காசோலைக்குப் பதிலாகச் சான்றிதழ் வழங்கப்பட்டபோதும் அதன் மதிப்பு குறையவில்லை. உண்மையான பிழைக்கு மட்டுமே அங்கு பரிசு.

2020 அக்டோபரில் நடந்ததோ நேர்மாறானது. திறந்த மூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்வில், நான்கு திருத்தங்களை அனுப்பினால் டி-ஷர்ட் என அறிவிக்கப்பட்டிருந்தது. ஆவணங்களில் தேவையற்ற ஒரு சொல்லைச் சேர்த்து 'திருத்தம்' என்று அனுப்புவோர் பெருகினர். அவற்றை நிராகரிப்பதிலேயே தன்னார்வப் பராமரிப்பாளர்களின் நேரம் கரைந்தது. விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டுமே இனி கணக்கு என நிகழ்வின் நடுவிலேயே விதியை மாற்ற நேர்ந்தது. எண்ணிக்கைக்குப் பரிசு தந்தால் எண்ணிக்கைதான் கிடைக்கும், தரம் கிடைக்காது.

நல்ல திருத்தம் என்பது எது? ஆவணம் எந்தப் பதிப்புக்கு உரியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கட்டளையைத் தம் கணினியில் இயக்கி, ஆவணம் சொல்வதும் நடப்பதும் எங்கே வேறுபடுகின்றன என்பதை உறுதிசெய்ய வேண்டும். வேறு யாரும் அதே பிழையை முன்பே தெரிவித்துள்ளனரா எனத் தேட வேண்டும். பிறகு, ஒரு நேரத்தில் ஒரு பிழையை மட்டும் திருத்தி, காரணத்தை இரண்டு வரிகளில் எழுதி அனுப்ப வேண்டும். மதிப்பாய்வாளர் அதைச் சரிபார்த்து ஏற்கிறார், அல்லது விளக்கம் கேட்கிறார். நிராகரிப்பவரும் காரணம் சொல்வதே முறை.

காரணத்தை எழுதி வைப்பது வெறும் சம்பிரதாயமன்று. பெருமுக்கல் மலையில் உள்ள பாறைக் கீறல்கள் எதைக் குறிக்கின்றன என்பது இன்றும் விவாதத்துக்குரியது. அவற்றைப் பொறித்தவர்கள் விளக்கம் எதையும் விட்டுச் செல்லவில்லை. இன்றைய மென்பொருள் உலகில், 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' எனும் கருவி, யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைப் பதிவுசெய்து வைக்கிறது. ஆனால், ஏன் மாற்றினார் என்பதை மனிதர்தான் எழுத வேண்டும்.

தமிழர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. மேற்கண்ட கிட்ஹப் ஆய்வின்படி, திறந்த மூலச் சமூகத்தினரில் ஏறத்தாழ நான்கில் ஒருவரால் ஆங்கிலத்தை மிக நன்றாகப் படிக்கவும் எழுதவும் இயலாது. 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் குறித்துத் தமிழில் எழுதி வருகிறது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு ஊரக மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. ஆனால், எழுதப்பட்ட தமிழ் ஆவணம் மூலத்தோடு சேர்ந்து புதுப்பிக்கப்படாவிட்டால், அதுவே அடுத்த மாணவரைத் தவறான வழியில் நடத்தும்.

கல்லூரிகள் இங்கே உதவலாம். கணினித் துறை மாணவர் பருவத்துக்கு ஒரு ஆவணப் பிழையைக் கண்டறிந்து, சோதித்து, ஏற்கப்படும் வகையில் திருத்தினால், அதை அகமதிப்பீட்டில் சேர்க்கலாம். எண்ணிக்கையைப் பாராமல், மதிப்பாய்வில் ஏற்கப்பட்டதா என்பதை மட்டுமே பார்க்க வேண்டும். இதற்குப் புதிய ஆய்வகமோ கூடுதல் நிதியோ தேவையில்லை. கவனமாகப் படிக்கவும், சந்தேகம் எழுந்தால் சோதித்துப் பார்க்கவும், தெளிவாக எழுதவும் மாணவர்கள் பழகுவார்கள். பாடநூலில் அச்சாகியிருப்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது என்பதையும் அவர்கள் உணர்வார்கள். கல்வியின் நோக்கமும் அதுதானே?