மேற்கோள் எண்ணிக்கையும் வியாக்கியான ஆய்வும்

திருவாய்மொழியின் ஐந்து வியாக்கியானங்களும் ஆறாயிரப்படி முதல் ஈடு முப்பத்தாறாயிரப்படி வரை கிரந்த அளவால் பெயர் பெற்றவை. 32 எழுத்துக்கள் கொண்டது ஒரு கிரந்தம். அவ்வெண் நூலின் பரப்பைச் சுட்டுமேயன்றி உயர்வு தாழ்வைச் சுட்டாது. எண் எதனை அளக்கிறது என்னும் இத்தெளிவு ஆய்விதழ்களை மதிப்பிடுவதற்கும் வேண்டும்.

ஓர் இதழ் முந்தைய ஈராண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு நடப்பாண்டில் கிடைத்த மேற்கோள்களை அக்கட்டுரைகளின் தொகையால் வகுத்தால் வருவது தாக்கக் காரணி. உயிரியல் போன்ற துறைகளில் ஆய்வாளர் பலர். கட்டுரைதோறும் மேற்கோளும் மிகுதி. அவற்றுள் பல அண்மையில் வெளிவந்தவை. வியாக்கியான ஆய்விலோ மேற்கோள்கள் பெரும்பாலும் மூலநூல்களுக்கும் பழைய பதிப்புகளுக்குமே செல்லும். ஈட்டில் எடுத்தாளப்பெற்ற பிரமாணங்களுக்கு ஆகரம் கண்டு மணவாள மாமுனிகள் (1370–1443) பிரமாணத்திரட்டு அருளியது, ஈடு தோன்றி ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பின்னரே. ஈராண்டு எல்லைக்குள் இத்தகைய பயன் புலப்படாது.

இக்குறையை ஓரளவு நீக்க, லெய்டன் பல்கலைக்கழகத்தின் ஹெங்க் மூட் 2010இல் 'ஸ்னிப்' என்னும் அளவையை முன்வைத்தார். இதழின் கட்டுரையொன்றுக்குக் கிடைக்கும் சராசரி மேற்கோளை, அத்துறையில் மேற்கோள் பெறும் வாய்ப்பின் அளவால் வகுப்பது அதன் நெறி. எடுத்துக்காட்டாக, சராசரி 4 பெறும் உயிரியல் இதழின் துறை அளவு 8 எனில் ஈவு 0.5, சராசரி 0.6 பெறும் சமய இலக்கிய இதழின் துறை அளவு 0.4 எனில் ஈவு 1.5. முதற்பார்வையில் தாழ்ந்தது தன் துறையில் உயர்ந்ததாகிறது. ஆயினும் தரவுத்தளத்தில் சேர்க்கப்பெற்ற இதழ்களுக்கே இக்கணக்கு பொருந்தும். சேராத தமிழிதழ்கள் இதற்கும் புறம்பே நிற்கும்.

பல்கலைக்கழக மானியக்குழு 2019 முதல் பேணிவந்த 'கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டு, இதழ்களைத் தேரும் பொறுப்பை உயர்கல்வி நிறுவனங்களிடமே விட்டது. கோவைப் பாரதியார் பல்கலைக்கழகம் போல உயிர்த்தொழில்நுட்பமும் தமிழும் ஒருங்கே பயிலும் நிறுவனங்களில் இப்பொறுப்பு நுட்பமானது. இரு துறைக்கும் ஒரே தாக்கக் காரணியை வரம்பாக்கினால், பல்லாண்டு சுவடி ஒப்பிட்டுப் பாடம் தெளிந்தவரின் உழைப்பு பணி உயர்வுக் கணக்கில் ஒன்றுமில்லாததாகிவிடும். அடுத்த தலைமுறையில் அப்பணியை ஏற்பாரும் அருகுவர். ஆதலின், இதழை அதன் துறைக்குள் ஒப்பிடுக. கட்டுரையை அத்துறை வல்லார் வாசித்தே மதிப்பிடுக.