வேலி போடுமுன் கவுன்டி அலுவலகம் போங்கள்

அமெரிக்காவின் கிராமப்புறக் கவுன்டி ஒன்றில் நிலம் வாங்கியவர் பெரும்பாலும் முதல் வேலையாக வேலி போடுகிறார். ஆடுமாடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்கிறார். அந்தச் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்றிருக்கக்கூடும் என்று தெரியவரும்போது பணம் கைவிட்டுப் போயிருக்கும். அரசுடன் உதவி ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் தொடங்கிய வேலைக்கு உதவி கிடையாது. விதிவிலக்கு வேண்டுமென்றாலும், வேலையைத் தொடங்குமுன்பே எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஆண்டுதோறும் நல்ல விவசாயிகள் பணத்தை இழப்பது இந்த ஒரு விதியை அறியாததால்தான்.

தேட வேண்டிய இடம் ஒன்றே: வேளாண்மைத் துறையின் சேவை மையம். பல கவுன்டிகளில் ஒரே கூரையின்கீழ் இரண்டு அலுவலகங்கள் இருக்கும். எஃப்.எஸ்.ஏ. எனப்படும் பண்ணைச் சேவை முகமை கடன், பேரிடர் நிவாரணம் போன்றவற்றைப் பார்க்கிறது. என்.ஆர்.சி.எஸ். எனப்படும் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை மண்ணையும் நீரையும் பார்க்கிறது. 1930களில் புழுதிப் புயல்கள் சமவெளிகளின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போனபோது, 1935இல் மண் பாதுகாப்புச் சேவையாகப் பிறந்ததுதான் இது. 1994இல் இன்றைய பெயர் பெற்றது.

முதலில் எஃப்.எஸ்.ஏ.யில் அடையாளச் சான்று, பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம் காட்டிப் 'பண்ணை எண்' வாங்குங்கள். அது இல்லாமல் எந்தத் திட்டத்திலும் நகர முடியாது. பிறகு என்.ஆர்.சி.எஸ். அலுவலரை உங்கள் நிலத்துக்கு அழையுங்கள். அவர் வந்து மண்ணையும் சரிவையும் நீரோட்டத்தையும் பார்த்து, பாதுகாப்புத் திட்டம் வரைந்து தருவார். இதற்குக் கட்டணம் இல்லை. பண உதவி கிடைக்காமலே போனாலும் இந்தத் திட்ட வரைவு உங்கள் கையில் இருக்கும். பலர் கேட்காமலே விட்டுவிடும் பெரிய உதவி இதுதான் என்பேன்.

பண உதவியில் முதன்மையானது என்.ஆர்.சி.எஸ். நடத்தும் ஈக்விப் (EQIP) திட்டம். வேலி, மண்ணரிப்புத் தடுப்பு, மூடுபயிர், நெகிழித்தாள் கூடாரம் போன்றவற்றுக்கு, மதிப்பிட்ட செலவில் 75 விழுக்காடு வரை தரும். விவசாயத்துக்கு வந்து 10 ஆண்டுகளைத் தாண்டாதவர், குறைந்த வருமானம் உள்ளவர், முன்னாள் படைவீரர் ஆகியோருக்கு இது 90 விழுக்காடு வரை உயரும். குறைந்தது பாதித் தொகையை முன்பணமாகவும் கேட்கலாம். மற்றவர்கள் தம் கைப்பணத்தைப் போட்டு வேலையை முடித்த பிறகே தொகை வரும் என்பதைக் கணக்கில் வையுங்கள். அரிப்புக்கு ஆளாகும் நிலத்தைப் பயிரிடாமல் விட்டால் 10 முதல் 15 ஆண்டு வரை வாடகை தரும் சி.ஆர்.பி. திட்டம் 1985 முதல் இருக்கிறது.

ஆபத்துகளும் உண்டு. ஏ.டி. 1026 என்ற படிவத்தில் கையெழுத்திடும்போது, ஈரநிலத்தை வடித்துப் பயிரிட மாட்டேன் என்று உறுதி தருகிறீர்கள். கேட்காமல் ஒரு வடிகால் வெட்டினால் வேளாண் துறையின் பெரும்பாலான உதவிகளும் நின்றுபோகும். ஒப்பந்தத்தைப் பாதியில் கைவிட்டால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட நேரலாம். நிலத்தை விற்க எண்ணம் இருப்பவர் நீண்ட ஒப்பந்தத்தில் இறங்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும்.

முகப்பில் இருந்தவர் "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்றால் பேசாமல் திரும்பாதீர்கள். நீங்கள் என்ன கேட்டீர்கள், என்ன பதில் கிடைத்தது என்று எழுதிய சேவை ரசீதைப் பெறுவது உங்கள் உரிமை. வாய்ப்பேச்சு எங்கும் பதிவாகாது. கறுப்பின விவசாயிகள் பல்லாண்டுகளாக வேளாண் துறையின் கடன் அலுவலகங்களில் பாகுபாட்டுக்கு ஆளானார்கள். அவர்கள் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கில் 1999இல் உடன்பாடு ஏற்பட்டது. கேட்டதற்கும் மறுத்ததற்கும் எழுத்துச் சான்று எவ்வளவு தேவை என்று அந்த வழக்கைப் படித்தவர்களுக்குப் புரியும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதே அலுவலகத்தில் மறுபரிசீலனை கோரலாம், சமரசப் பேச்சுக்குப் போகலாம், அல்லது இந்த முகமைகளுக்குக் கட்டுப்படாத தேசிய மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதலாம். மறுப்புக் கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே குறித்துவையுங்கள்; மேல்முறையீட்டுக்கு உங்களுக்கு இருப்பது 30 நாள்.