பேய்க்கு ஏன் நிறமில்லை?

சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் புறநகர் மின் இரயிலில் ஏறினால் முதலில் வருவது பேசின் பிரிட்ஜ் நிலையம். கும்மிடிப்பூண்டிப் பாதையும் அரக்கோணம் பாதையும் இங்கேதான் பிரிகின்றன. வெளியூர் வண்டிகளின் பெட்டிகளைக் கழுவிப் பராமரிக்கும் பணிமனை அருகிலேயே இருக்கிறது. சற்றுத் தள்ளிப் பக்கிங்காம் கால்வாய்.

அப்பகுதியிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன், ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான்.

"சார், நேத்து ராத்திரி கால்வாய் ஓரமா வெள்ளையா ஒரு உருவம் நின்னுது. நேரா பார்த்தா காணோம். கண்ணைத் திருப்பினா மறுபடி தெரிஞ்சுது. பசங்ககிட்ட சொன்னா சிரிக்கிறாங்க சார்."

"பேய்ப் படம் ஏதாவது பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"முந்தா நாள் 'யார் நீ?' பார்த்தேன் சார். போன்லதான்."

எனக்கு வியப்பாக இருந்தது. 'யார் நீ?' 1966-இல் வெளியான கறுப்பு-வெள்ளைப் படம். 1964-இல் வந்த 'வோ கௌன் தீ' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு படம், கையகலத் திரையில் ஓடி, இன்றைய இளைஞனை எப்படி அச்சுறுத்துகிறது? அவனுடைய கேள்விக்கும் என்னுடைய கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: நம் கண்ணுக்குள்ளே!

கண்ணுக்குள் இரண்டு படச்சுருள்கள்

நம் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரு வகைப்படும். கூம்புச் செல்கள் சுமார் 60 இலட்சம். குச்சிச் செல்கள் சுமார் 12 கோடி. கூம்புகள் நிறம் காட்டும். ஆனால் அவற்றுக்கு வெளிச்சம் தாராளமாக வேண்டும். குச்சிகள் மங்கிய ஒளியிலும் வேலை செய்யும். ஆனால் அவற்றுக்கு நிறம் தெரியாது. ஒரே காமிராவில் ஒரு வண்ணச் சுருளும் ஒரு கறுப்பு-வெள்ளைச் சுருளும் போட்டு வைத்ததைப் போன்ற ஏற்பாடு இது. பகலில் முதல் சுருள், இருட்டில் இரண்டாம் சுருள்.

ஆகவே, இரவு என்பது நம் எல்லோருக்குமே கறுப்பு-வெள்ளைதான். பழைய திகில் படங்களின் வலிமை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. திரை பிரகாசமாக இருப்பதால் அதை நாம் கூம்புகளால்தான் பார்க்கிறோம். ஆயினும் நிறமே இல்லாத காட்சியைக் கண்டதும், இருட்டில் நடந்த அனுபவம் மனத்தில் எழுகிறது. அன்றைய இயக்குநர்கள் விலை குறைவு என்று பயன்படுத்திய படச்சுருள், தானாகவே இரவின் மொழியைப் பேசியது!

ஒரு சோதனை செய்து பாருங்கள். பேசின் பிரிட்ஜ் பணிமனைப் பக்கம் சிவப்புப் பெட்டிகளும் நீலப் பெட்டிகளும் நிற்பதுண்டு. மாலை மங்கும்போது, விளக்கொளி படாத இடத்தில் நிற்கும் பெட்டிகளை நடைமேடையிலிருந்தே கவனியுங்கள் (தண்டவாளத்தில் இறங்காதீர்கள்!). முதலில் சிவப்பு கறுத்துப் போகும். நீலம் அதைவிட வெளிறித் தெரியும். பகலில் கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், உச்சத்தில் இருக்கிறது. குச்சிச் செல்களுக்கோ அந்த உச்சம் 500 நானோமீட்டரை ஒட்டி, நீலப்பச்சைக்கு நகர்ந்துவிடுகிறது. இதை 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்து எழுதிய செக் அறிஞர் புர்க்கின்யேயின் பெயரால் இது 'புர்க்கின்யே விளைவு' எனப்படுகிறது. வண்ணப் படங்களில் இரவுக் காட்சி என்றாலே நீலச் சாயம் பூசுகிறார்களே, அது ஏன் நமக்கு இயல்பாகப் படுகிறது என்று இப்போது ஊகிக்க முடிகிறதல்லவா?

வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய பேய்க் கதையின் பெயரே 'நீலவெளிச்சம்'. ஏ. வின்சென்ட் இயக்கத்தில் அது 1964-இல் 'பார்கவி நிலையம்' என்ற மலையாளப் படமாயிற்று. கறுப்பு-வெள்ளைப் படம், நீலத்துக்கே அங்கு இடமில்லை! 2023-இல் அதே கதை, அதே 'நீலவெளிச்சம்' என்ற பெயரில் வண்ணத்தில் வந்தது. ஆயினும் பழைய படத்தைத் தேடிப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

காசில்லாத பூதம்

பணம் குறைவாக இருந்தால் பூதத்தை எப்படிக் காட்டுவது? காட்டாமல் இருப்பதே வழி! 1942-இல் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட 'கேட் பீப்பிள்' என்ற அமெரிக்கப் படத்தில் ஒரு நீச்சல் குளக் காட்சி உண்டு. சிறுத்தை திரையில் தெளிவாகத் தெரியாது. சுவரில் அசையும் நிழலும் நீரின் ஒளியும் உறுமலும் மட்டுமே. பார்ப்பவர் நெஞ்சு படபடக்கும்.

நிழலுக்கு என்ன செலவு? சிறிய விளக்கு ஒன்றிலிருந்து 5 மீட்டர் தொலைவில் சுவர் இருக்கட்டும். விளக்கிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி உங்கள் கையைப் பிடியுங்கள். ஒளி நேர்கோட்டில் செல்வதால், வடிவொத்த முக்கோணங்களின்படி நிழல் 10 மடங்காகும். 18 சென்டிமீட்டர் கை, 1.8 மீட்டர் கையாகச் சுவரில் எழும்! ஆள் உயரக் கைக்கு ஆன செலவு ஒரு விளக்கு மட்டுமே.

ஹிட்ச்காக் 1960-இல் எடுத்த 'சைக்கோ' படத்தில் இரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு. கறுப்பு-வெள்ளைப் படச்சுருளில் பொருளின் நிறம் பதிவதில்லை. ஒளியின் ஏற்ற இறக்கம்தான் பதிகிறது. பாகின் கருமையே போதுமானதாக இருந்தது. சிவப்பைச் சேர்த்துக்கொண்டது பார்த்தவர்களின் மனம்.

நம் நாட்டிலும் இதன் ஆற்றலை அன்றே உணர்ந்திருந்தார்கள். ஆவி தோன்றும் காட்சிகளுக்காக, வயது வந்தோர்க்கு மட்டும் என்ற 'ஏ' சான்றிதழ் பெற்ற முதல் தமிழ்ப் படம் 1951-இல் வந்த 'மர்மயோகி'.

மறைந்த உருவம்

இனி நம் மாணவனிடம் வருவோம். நேராகப் பார்த்தால் மறைந்து, கண்ணைத் திருப்பினால் தெரிந்த உருவம் எது?

விழித்திரையின் நடுவே, நாம் உற்றுப் பார்க்கும் பொருளின் பிம்பம் விழும் மிகச் சிறிய குழியில், குச்சிச் செல்களே கிடையாது. கூம்புகள் மட்டுமே நெருங்கி அமைந்துள்ளன. மங்கிய ஒளியில் அவை செயலற்றுப் போகின்றன. எனவே இருட்டில் எதை உற்றுப் பார்க்கிறோமோ, அதுவே மறைகிறது! சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் பிம்பம் குச்சிகள் நிறைந்த பகுதியில் விழுகிறது. உருவம் திரும்பி வருகிறது. மிக மங்கலான ஒரு விண்மீனை வைத்து இதை நீங்களே சோதிக்கலாம். இருட்டில் அரைமணி நேரம் கண்ணைப் பழக்கிக்கொண்டு தொடங்குங்கள்.

இதைக் கேட்ட மாணவன் மறுநாள் பகலில் அதே இடத்துக்குப் போனான். வேலிக் கம்பத்தில் வெள்ளைச் சாக்கு ஒன்று சிக்கியிருந்தது. அவன் கண் பார்த்தது உண்மை. வெண்மையான ஏதோ ஒன்று அங்கே இருந்தது. தலையும் சேலையும் கொடுத்தது, முந்தைய நாள் பார்த்த படம்.

"அப்போ நான் பொய் சொல்லலையே, சார்?" என்று அவன் கேட்டபோது அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியை என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள் நண்பர் யாராவது பேயைப் பார்த்ததாகச் சொன்னால் சிரித்துவிடாதீர்கள். உடனே நம்பியும் விடாதீர்கள். எந்த இடம், எவ்வளவு வெளிச்சம், நேராகப் பார்த்தாயா, பக்கவாட்டிலா என்று கேளுங்கள். பிறகு பகலில் இருவருமாகச் சேர்ந்து போய்ப் பாருங்கள். அறிவியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.