மலைநாட்டுப் பாடல்களும் மறுகுரல்களும்

நாட்டுப் பாடலொன்றைப் புதிய குரலிலே, புதிய வாத்தியங்களுடன் கேட்கும் இருவர் ஒரே கருத்தினராய் இருத்தல் அரிது. அட்டனிலோ நுவரெலியாவிலோ தோட்டக் கலைவிழா ஒன்று நடைபெறுகின்றது என்று கொள்வோம். இளைஞர் சிலர் மின்னிசைக் கருவிகளை முழக்கிக் கொழுந்துப் பாட்டொன்றைப் பாடுகின்றனர். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் தாளத்துக்கு ஏற்பக் கை தட்டுகின்றனர். பின்வரிசையிலே போர்வையைப் போர்த்தியபடி அமர்ந்திருக்கும் மூதாட்டியோ, "பாட்டு நம்ம பாட்டுத்தான், ஆனா நாங்க இப்படிப் பாடலியே" என்கின்றார். வானொலியில் இத்தகைய பாடல் ஒலிபரப்பாகும்போதும் நேயர்கள் இவ்வாறே இரு கட்சியாய்ப் பிரிகின்றனர். இவ்விரு கட்சியினரும் சொல்வதிலே நியாயம் இருக்கின்றது. ஆயினும், அவர்கள் வழக்காடுவது ஒரே பொருளைப் பற்றித்தானா என்பதே முதலில் ஆராயத்தக்கது.

இப்பாடல்கள் பிறந்த வரலாற்றைச் சற்று நினைவு கூர்தல் நலம். 1820களில் இம்மலைகளிலே கோப்பி பயிரிடப்படலாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் கடலைக் கடந்து, மன்னார்ப் பகுதியில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து மலையேறினர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். கோப்பி, பருவத்திற் பறிக்கும் பயிர். பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவோர் அக்காலத்தில் மிகுதி. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துர தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கவே, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். எனவே குடும்பங்கள் லயங்களிலே நிலைத்தன. பாட்டிலும் இம்மாற்றம் தெரிகின்றது. வழிநடைத் துயரமும் ஊரைப் பிரிந்த ஏக்கமும் பழைய அடுக்கு எனலாம். கொழுந்துக் கூடை, பெரட்டு, கங்காணியின் அதட்டல், பிள்ளைக் காம்பராவில் விட்டுவந்த குழந்தை ஆகியன அதன்மேல் ஏறிய அடுக்கு. ஒரே பாட்டிலே இரண்டும் கலந்து வருவதும் உண்டு.

வயலில் நாற்று நடும் பெண்கள் வரிசையாய் நின்று, ஒரே வேளையிற் குனிந்து, ஒரே வேளையில் நடுவர். அங்கே தாளமே வேலையை நடத்தும். கொழுந்து பறித்தல் அப்படிப்பட்டதன்று. சரிவான மலையிலே ஒவ்வொருத்தியும் தன் நிரையிலே தனியே நிற்கின்றாள். இரு கைகளும் ஓயாமற் பறிக்கின்றன. ஒருத்தியின் கைவேகம் மற்றொருத்திக்கு இல்லை. ஆதலின் அங்கே எழும் பாட்டு தாளக்கட்டை விட்டு நீண்டு இழுத்துச் செல்லும். ஒருத்தி தொடங்கிய அடியை அடுத்த நிரையில் நிற்பவள் எட்டிப் பிடிப்பாள். பெரிய கங்காணியின் தலை தெரிந்தால் பாட்டு நின்றுவிடும். அல்லது அவனைச் சாடும் அடி வேறோர் அடியாய் உருமாறிவிடும்! இத்தகைய பாட்டை மேடைக்குக் கொணர்வோர் முதலிற் செய்வது அதனைக் கும்மித் தாளத்துக்குள் அடக்குவதே. கேட்பதற்கு எழுச்சியாய் இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூதாட்டி தேடுவது அந்த இழுப்பை. அஃது அங்கே இல்லை.

இனி, மூலப் பாட்டு எது என்ற கேள்வி எழுகின்றது. எழுதப்படாத பாட்டுக்கு மூலம் என்று ஒன்று இருத்தல் அரிது. மஸ்கெலியாவிற் பாடும்போது மஸ்கெலியாத் தோட்டத்தின் பெயர் அடியில் ஏறும். அதே பாட்டு பொகவந்தலாவைக்குச் சென்றால் அவ்வூர்க் கணக்கப்பிள்ளையின் குணநலன்கள் அதிலே இடம்பெறும். பாடுபவள் ஒவ்வொருத்தியும் ஓரளவு ஆக்கியவளே. இக்காரணத்தைக் காட்டியே புதுப்பாடகர்கள், "நாங்கள் மாற்றினால் மட்டும் குற்றமா?" என வினவுகின்றனர். வினா வலிமையுடையதுதான். எனினும் ஒரு வேற்றுமை உண்டு. லயத்திற் பாடிய ஒருத்தி ஓர் அடியை மாற்றினால், அடுத்த லயத்தில் இருந்த பழைய அடி அழிந்துவிடவில்லை. இன்று ஒலிப்பதிவில் ஏறிய வடிவம் நாடெங்கும் பரவி, மற்ற வடிவங்களையெல்லாம் ஓரங்கட்டிவிடுகின்றது. பிள்ளைகள் தம் பாட்டியிடம் கேட்ட அடியைப் "பிழை" என்று திருத்தும் நிலையும் ஏற்படுகின்றது. இவ்வகையில் வானொலிக்கும் பொறுப்பு உண்டு.

ஏட்டிலே பதிந்த பாட்டுக்கும் ஒரு குறை உண்டு. மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் தோட்டத்திலே பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் அவர். ஆங்கிலத்திற் கவிதை எழுதிய அவரே, தம் மக்கள் வாய்மொழியாய்ப் பாடியவற்றைச் செவியுற்று எழுதி வைத்தார். அவர் 1984இல் மறைந்தபின், 1987இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூல் வெளிவந்தது. பின்னர் சாரல்நாடனும் இத்துறையிலே உழைத்தார். இவர்கள் காத்துத் தந்திராவிடின் பல பாடல்களின் சொற்களே நமக்குக் கிட்டியிரா. ஆயினும் அச்சிலே சொல் ஏறும், மெட்டு ஏறாது. நூலைப் பார்த்துப் பாடக் கற்ற மாணவர் தமக்குத் தெரிந்த சினிமா மெட்டிலோ கர்நாடக இராகத்திலோ அதனை அமைக்கின்றனர். அவர்களைக் குறை கூறுவதிற் பயனில்லை. வேறு மெட்டு அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

மெட்டைக் கடன் வாங்குவது மலைநாட்டுக்குப் புதியதுமன்று. அட்டனை நிலைக்களமாகக் கொண்டு தொழிற்சங்கம் நடத்திய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை, தொழிலாளர் கூட்டங்களிலே தாமே பாடியவர். மக்கள் செவிக்குப் பழகிய மெட்டுகளிலே தொழிலாளர் துயரையும் உரிமையையும் அமைத்துப் பாடுவது அவர் முறை. 1940இல் அவருடைய பாடல்கள் நூலாகவும் வந்தன. சொற்பொழிவுக்குச் செவி சாய்க்காதவரும் பாட்டுக்கு நின்றனர். பழைய மெட்டிற் புதிய பொருளை ஏற்றியதற்காக அவரை எவரும் பழித்ததில்லை. ஏனெனில் அவர் யாருக்காகப் பாடினாரோ அவர்கள் எதிரிலேயே நின்று பாடினார்.

அண்மைக் காலத்தில் இவ்வழக்கு உலகறிய எழுந்தது 2021 மார்ச்சு மாதத்தில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்னும் பாடலால் ஆகும். தீயும் அறிவும் பாடினர்; சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில் அமைந்தது. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்துத் தமிழ்நாடு திரும்பியவர். ஒப்பாரியின் சாயலும் நிலமிழந்தோர் நினைவும் அப்பாட்டிலே கலந்திருந்தன. பாடகி தீயோ ஈழத் தமிழ்க் குடும்பத்திலே தோன்றி அயல்நாட்டில் வளர்ந்தவர். கோடிக்கணக்கானோர் அதனைக் கேட்டனர். மலைநாட்டு இளைஞர் பலர், தங்கள் பாட்டிமாரின் கதையை உலகம் கேட்டது என மகிழ்ந்தனர். துயரப் பாட்டுக்கு ஆடுவதா என முகஞ்சுளித்தோரும் இருந்தனர். 2022 ஜூலையிலே சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு பாடப்பட்டபோது, ஆக்கியவர் யார் என்ற பூசல் மூண்டது. பாட்டின் ஆக்கத்தில் தத்தம் பங்கை விளக்கி இரு தரப்பாரும் அறிக்கை விடுத்தனர். அறிவுக்கு எவ்வளவு, இசையமைப்பாளருக்கு எவ்வளவு என்று உலகமே கணக்குப் பார்த்தது. தோட்டத்து ஒப்பாரியின் பங்கு எவ்வளவு என்று கேட்டவர் சிலரே.

இந்தத் திரும்புதலின் பின்னணி இளையோர் சிலருக்குத் தெரியாதிருக்கலாம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சியோரைப் பற்றி 1974இல் முடிவாயிற்று. அவ்வாறு சென்றவர்களுடன் பாட்டும் சென்றது. தலைமன்னார்த் துறையிலே கப்பலேறிய ஒருத்தி நீலகிரித் தேயிலைத் தோட்டத்திலே குடியேறிப் பாடினால், அவளுடைய அடி இனி எந்நாட்டுப் பாட்டு? "எங்கள் ஊர்ப் பாட்டை அவர்கள் எடுத்தனர்" என இங்கே சிலர் முறையிடுவது, இதனால் முழுதும் பொருந்துவதன்று. எடுத்தவரும் உரியவரே.

பிற நாடுகளிலும் இவ்வழக்கு உண்டு. அமெரிக்க நாட்டுப் பாடலான 'உதிக்கும் சூரியன் இல்லம்' என்பதை 1964இல் ஓர் ஆங்கிலேயக் குழு புதிதாய்ப் பாடிப் பெரும்புகழ் பெற்றது. இசைத்தட்டில் அமைப்பாளர் என்று குழுவினருள் ஒருவர் பெயரே இருந்ததால், உரிமைத்தொகையும் அவருக்கே சென்றது. தென்னாபிரிக்கத் தொழிலாளரான சாலமன் லிண்டா 1939இல் பாடிப் பதிவு செய்த 'எம்பூபே' என்னும் பாட்டின் கதை இன்னும் கொடியது. அமெரிக்காவில் அதனை யாரோ பாடிய நாட்டுப் பாட்டு என்றே கொண்டனர். 1961இல் அது வேறு சொற்களுடன் உலகப் புகழ் பெற்றது. மறு ஆண்டே லிண்டா வறுமையில் மாண்டார். அவர் குடும்பத்தாருக்கு வழக்கின் வழியே தீர்வு கிடைத்தது 2006இல்! "நாட்டுப் பாடல், ஆக்கியோன் பெயர் தெரியவில்லை" என்று எழுதுவது எளிது. சில வேளைகளில் அது தேட மனமில்லாதவர் சொல்லும் சாக்கு.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்காறுகளுக்கும் பாதுகாப்பு அளிக்கின்றது. அவற்றை வாணிக நோக்குடனோ மரபுச் சூழலுக்குப் புறம்பாகவோ பயன்படுத்துவோர் உரிய அனுமதி பெறல் வேண்டும். எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்பதைக் கூறல் வேண்டும். மெட்டைத் துரிதப்படுத்துவதும் கித்தார் சேர்ப்பதும் சுவை வேற்றுமை. அவற்றை விரும்பாதவர் கேளாதிருக்கலாம். எந்த மலை, எந்த மக்கள் என்பதைச் சொல்லாது விடுவதோ அத்தகையதன்று. ஒலிபரப்பாளருக்கு அதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

மாற்றத்தை மரபே எவ்வாறு ஏற்கின்றது என்பதற்குக் காமன் கூத்து நல்ல சான்று. மாசி மாதத்திற் கம்பம் நாட்டித் தோட்டந்தோறும் இரதி மன்மதன் கதையை இன்றும் ஆடுகின்றனர். தப்பு முழங்குகின்றது. ஒருகாலத்தில் விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பிய அதே தப்பு! அதனை இழிவென்று ஒதுக்கிய காலமும் இருந்தது. இன்று பாடசாலை விழாவிலே மாணவர் பெருமையுடன் அதனை அடிக்கின்றனர். தஞ்சைப் பகுதியிலே இக்கதையை ஒட்டிப் பாடும் லாவணியில், மன்மதன் எரிந்தான் என்போர் ஒரு கட்சி, எரியவில்லை என்போர் மறு கட்சி. இரவெல்லாம் வாதிடுவர், விடிந்தபின் ஒன்றாய்க் கலைவர். பாடுவோருக்கு வழக்கும் கலையின் உறுப்பே.

ஆயினும் ஒப்பாரியை மட்டும் முதியோர் இவ்விளையாட்டிற் சேர்ப்பதில்லை. இழவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் இழவு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. மேடையில் ஒப்பாரி கேட்டு அவர்கள் எழுந்து செல்வதற்குப் புதுமை மீதுள்ள வெறுப்பு காரணமன்று. இந்த அச்சமே காரணம். பாட்டைப் பதிவு செய்ய வரும் ஆராய்ச்சி மாணவர்களை அவர்கள் விரட்டுவதுமில்லை. லயத்துக்குள்ளே பாட மறுத்து, ஒலிப்பதிவுக் கருவியுடன் அவர்களை அழைத்துக்கொண்டு, வீடுகள் கண்ணுக்கு மறையும் தொலைவு வரை தேயிலை நிரைகளுக்கிடையே நடந்து சென்று, அங்கே நின்று பாடுகின்றனர்.