செல்லுக்கும் பிடிமானம் வேண்டும்

வழவழப்பாகிவிட்ட அம்மியை உளியால் கொத்துவிப்பது நம் ஊர்களின் பழைய வழக்கம். கொத்தாத அம்மியில் மிளகாய் நழுவுமே தவிர அரைபடாது. செம்பூரிலோ தாராவியிலோ வேலை செய்யும் கொத்தனாரைக் கவனியுங்கள். பழைய சுவரைக் கொத்திச் சொரசொரப்பாக்கிய பின்னரே அவர் புதிய பூச்சைப் பூசுவார். பற்றுவதற்கு இடம் வேண்டும் என்னும் இவ்விதி நம் உடலின் செல்லுக்கும் பொருந்தும்.

எலும்பை உயிரற்ற கட்டை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதற்குள் சில செல்கள் பழைய எலும்பை அரிக்க, வேறு சில புதிய எலும்பைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. ஆகவேதான் சிறு முறிவு தானே கூடுகிறது. ஆனால் விபத்தில் எலும்பின் ஒரு பகுதியே சிதைந்துவிட்டால், அல்லது புற்றுநோயினால் அதை வெட்டி நீக்க நேர்ந்தால், அந்த இடைவெளியைச் செல்களால் கடக்க இயலாது. அங்கே மருத்துவர் உலோகத்தையோ பீங்கானையோ பொருத்துகிறார். மும்பையில் பவாய் ஐ.ஐ.டி. பொறியாளர்களும் பரேல் டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்களும் இத்தகைய நோயாளிகளுக்கான செயற்கை முழங்கால் மூட்டை உருவாக்க இணைந்து உழைத்துள்ளனர். திருவனந்தபுரம் பூஜப்புரையில், சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் பிரிவில் எலும்புக் குறையை நிரப்பும் பீங்கான்கள் ஆராயப்படுகின்றன.

அந்நியப் பொருளை எலும்பு ஏற்குமா? 1952இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் பிரோனெமார்க், முயலின் எலும்பில் இரத்த ஓட்டத்தைக் காண ஒரு டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது கருவி வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றி வளர்ந்திருந்தது! 1965இல் ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியப் பல்வேரைப் பொருத்தினார்.

செல் உலோகத்தை நேரே தொடுவதில்லை. பொருத்திய சில நொடிகளிலேயே இரத்தத்திலுள்ள புரதங்கள் அதன்மேல் படிகின்றன. செல்லின் மேலுறையில் இன்டெக்ரின் என்னும் நுண்ணிய கைகள் உள்ளன. அவை அப்புரதங்களைப் பற்றுகின்றன. பிறகு செல் மெல்லிய விரல்களை நீட்டி மேடுபள்ளங்களைத் தடவிப் பார்க்கிறது. பிடித்த இடத்தில் அது இழுக்கும் இழுப்பு உள்ளிருக்கும் இழைகளின் வழியே உட்கருவரை எட்டுகிறது. மிக வழவழப்பான பரப்பில் செல்கள் பரவிப் பெருகினாலும் எலும்பாக்கும் வேலையில் பின்தங்குகின்றன. அளவான சொரசொரப்பில் அவ்வேலை விரைகிறது.

அளவு என்பது எவ்வளவு? தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். செல் அதில் பாதிகூட இராது. பரப்பின் மேடுபள்ளமோ 1 முதல் 2 மைக்ரோமீட்டர் வரை இருந்தால் பெரிதும் உதவும். இரத்தக் குழாய்கள் உள்நுழைய 100 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துளைகளும் தேவை. உலோகத்தின்மீது மணல்போன்ற துகள்களைப் பீய்ச்சியும் அமிலத்தில் தோய்த்தும் இந்தச் சொரசொரப்பை உண்டாக்குகின்றனர்.

மிகுதியான சொரசொரப்பு எப்போதும் நன்மை தராது. பள்ளங்களில் பாக்டீரியாக்களும் குடியேறும். முதலில் இடம் பிடிப்பது செல்லா, கிருமியா என்பதை, 1987இல் அமெரிக்க மருத்துவர் கிரிஸ்டினா ஓர் ஓட்டப்பந்தயமாக விளக்கினார். கிருமி வென்றால் மருத்துவர் பொருத்தியதையே கழற்ற நேரிடலாம்.

பொருத்திய பொருள் அசைந்தாலும் தீங்குதான். அசைவு மிகும்போது எலும்புக்கு மாறாக மென்மையான நார்த்திசு வளர்ந்துவிடும். இத்தகைய அறுவைக்குப் பின், சில வாரங்கள் காலை ஊன்ற வேண்டாம் என்று மருத்துவர் பாட்டியிடம் சொல்வது இக்காரணத்தாலாக இருக்கலாம். அவர் கட்டிலில் சலித்துக்கொண்டு கிடக்கும் அந்நாள்களில் செல்கள் ஓய்வின்றி எலும்பைக் கட்டிக்கொண்டிருக்கும்.