தனி ஆவர்த்தனத்துக்குப் பத்துப் பேர்

கடையில் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தவர்களுக்கு முதலில் உறைத்தது அதன் கனம்தான். 1970 நவம்பர் கடைசியில் வெளியான ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ தொகுப்பில் மூன்று இசைத்தட்டுகள். அட்டையில், புல்வெளி நடுவே ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் ஜார்ஜ் ஹாரிசன். சுற்றிலும், தோட்டத்து அலங்காரத்துக்கு வைக்கும் தாடிக் குள்ளர் பொம்மைகள் நான்கு. பீட்டில்ஸ் பிரிந்த செய்தி வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. பொம்மை ஏன் சரியாக நான்கு என்று ரசிகர்கள் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

மூன்று தட்டு எதற்கு? சரக்கு அவ்வளவு தேங்கிக் கிடந்தது. பள்ளிக்கூட பஸ்ஸில் பழகிய பால் மெக்கார்ட்னி அழைத்துவர, குழுவிலேயே வயதில் இளையவராகச் சேர்ந்தவர் ஜார்ஜ். அந்தத் ‘தம்பி’ நாற்காலியிலிருந்து அவரை யாரும் எழுந்திருக்க விடவில்லை. பாட்டுக் கட்டுவது லெனனும் மெக்கார்ட்னியும். ஆல்பத்துக்கு ஒன்றோ இரண்டோ ஜார்ஜுக்கு ஒதுக்கப்படும், ரேஷன் அரிசி மாதிரி. ‘இஸன்ட் இட் எ பிட்டி’ 1966-லேயே எழுதியது, எடுபடவில்லை. தொகுப்பின் தலைப்புப் பாட்டையே 1969 ஜனவரியில் குழுவினர் முன் வாசித்துக் காட்டினார். ஒத்திகையோடு அது நின்றுபோனது. அதே மாதம் 10-ம் தேதி, ஒத்திகையைப் படம்பிடித்துக்கொண்டிருந்த தளத்திலிருந்து வெளியேறினார். சில நாள் கழித்துத் திரும்பிவந்தார் என்றாலும், மனம் வெளியேறிவிட்டது.

ஆக, தனியாக வந்ததும் மடை திறந்தது. அமெரிக்காவில் ஏழு வாரம் முதலிடம். ஆனால் அந்தத் ‘தனி’ ஆல்பத்தில் வாசித்தவர்களை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும். எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார், பில்லி பிரெஸ்டன், கிளாஸ் வூர்மன், பீட் டிரேக், வெறுமனே தாளத்துக்கு கிட்டாரை உரசிக்கொண்டிருக்க ‘பேட்ஃபிங்கர்’ குழுப் பையன்கள்... தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் எல்லாரையும் ஒரே அறையில் அடைத்து, மேலே எதிரொலியை வாரி இறைத்தார். ‘வா-வா’ பாட்டு கிட்டத்தட்ட சந்தைக்கடை. 2001-ல் மறுவெளியீடு வந்தபோது எதிரொலி அதிகம்தான் என்று ஜார்ஜே எழுதினார்.

அந்த இரைச்சலுக்கு நடுவிலும் ஒரு குரல் தனியாகக் கேட்கும். ‘மை ஸ்வீட் லார்ட்’ தொடக்கத்தில் வரும் ஸ்லைடு கிட்டார். விரலில் ஒரு குழாயை மாட்டிக்கொண்டு, கம்பியை அழுத்தாமல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போவதுதான் ஸ்லைடு. கோட்டுவாத்தியத்தில் கட்டையை நகர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். அமெரிக்க ப்ளூஸ்காரர்கள் கையில் அது அழும், உறுமும். ஜார்ஜ் கையில் உறுமல் இல்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நிதானமாக ஏறி, போய்ச்சேர வேண்டிய இடத்தில் சுத்தமாக நிற்கும். 1966-லிருந்து ரவிசங்கரிடம் சிதார் கற்றவர் அவர். ‘இனி நான் பெரிய சிதார் கலைஞன் ஆகப்போவதில்லை’ என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டார். சிதார் போனது, அதன் இழுப்பு விரலில் தங்கிவிட்டது. 1969 கடைசியில்தான் ஸ்லைடைப் பிடித்தார் என்பதை நினைத்தால், ஒரே வருடத்தில் தனக்கென்று ஒரு குரலைக் கண்டுபிடித்தது சாமானியமில்லை.

அதே பாட்டுதான் அவரைக் கோர்ட்டுக்கும் இழுத்தது. ‘ஹீஸ் ஸோ ஃபைன்’ என்ற பழைய பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டார் என்று வழக்கு. 1976-ல் நீதிபதி, வேண்டுமென்று திருடவில்லை, அடிமனதிலிருந்து வந்திருக்கிறது என்றார். ஆனாலும் காப்புரிமை மீறல் மீறல்தான். அதற்குப் பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். ஜார்ஜின் பழைய மேலாளர் ஆலன் க்ளைன் 5,87,000 டாலர் கொடுத்து எதிர்த்தரப்பின் உரிமையை வாங்கிக்கொண்டு, தன் முன்னாள் முதலாளிக்கு எதிராகவே நின்றார். கோர்ட் அதை ரசிக்கவில்லை. வாங்கிய விலைக்கு மேல் ஒரு டாலர்கூட லாபம் பார்க்கக் கூடாது என்று முடித்தது.

வழக்கு முடிவதற்கு வெகு முன்னே, 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ரவிசங்கர் கேட்டுக்கொண்டதற்காக, பங்களாதேஷ் அகதிகளுக்கு நிதி திரட்ட ஒரே நாளில் இரண்டு கச்சேரி. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டியதும், ‘இதுவே இவ்வளவு பிடித்தால் கச்சேரி இன்னும் பிடிக்கும்’ என்கிற மாதிரி ரவிசங்கர் சொன்னதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. டிக்கெட் பணம் யூனிசெஃபுக்குப் போனது. ஆல்பமும் படமும் ஈட்டிய பணமோ, முன்கூட்டியே தர்ம காரியமாகப் பதிவு செய்யாததால் வரி விவகாரத்தில் பல வருடம் மாட்டிக்கொண்டது.

தமிழ் ரசிகர்கள் இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியது 1974 சுற்றுப்பயணம். பீட்டில்ஸிலிருந்து பிரிந்த ஒருவர் வட அமெரிக்காவைச் சுற்றிவரும் முதல் பயணம் அது. நவம்பர் 2-ல் வான்கூவரில் தொடங்கியது. டிக்கெட் வாங்கியவர்கள் பழைய பாட்டுகளுக்காக வந்தார்கள். மேடையில் அவர்கள் கண்டது ரவிசங்கர் தலைமையில் ஒரு பெரிய இந்தியக் குழு. வயலினில், யாழ்ப்பாணத்தில் வளர்ந்து சென்னையில் மருத்துவம் படித்த எல்.சுப்ரமணியம். மிருதங்கத்தில் டி.வி.கோபாலகிருஷ்ணன், இளையராஜாவுக்குக் கர்நாடக இசை கற்றுத்தந்த அதே டி.வி.ஜி. பாட்டுக்கு, தமிழ்க் குடும்பத்தில் பிறந்து பரதநாட்டியத்தில் தொடங்கி இந்துஸ்தானிக்குப் போன லட்சுமி சங்கர். கூடவே அல்லா ரக்கா, ஹரிபிரசாத் சௌராசியா, சிவகுமார் சர்மா. இப்படி ஒரு மேடையை இன்று கூட்ட வேண்டுமானால் எந்த சபா செயலாளருக்கும் வியர்த்துவிடும்.

சில ஊர்களில் கூட்டம் நெளிந்தது. ஜார்ஜ் மைக்கில் கடிந்துகொண்டார். ஓய்வில்லாமல் ஒத்திகை பார்த்ததில் தொண்டை கட்டிப்போயிருந்தது. அப்போதைய ஆல்பத்தின் ‘டார்க் ஹார்ஸ்’ என்ற தலைப்பையே பத்திரிகைகள் கரகரப்பு என்று பொருள்பட மாற்றிக் கேலி செய்தன. லெனனின் ‘இன் மை லைஃப்’ பாடும்போது காதலிக்கு வர வேண்டிய இடத்தில் கடவுளைக் கொண்டுவந்தார். காசு கொடுத்தவர்களுக்குக் கோபம் வராதா? நடுவழியில் ரவிசங்கருக்கு நெஞ்சுவலி. டிசம்பர் 20-ல் நியூயார்க்கில் பயணம் முடிந்தது. அதன் பிறகு ஜார்ஜ் அமெரிக்காவைச் சுற்றவே இல்லை. நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான்; விருந்தாளி பசி தெரியாமல் இலை போட்டுவிட்டார்.

தேக்கிவைத்த பாட்டுகள் தீர்ந்த பிறகு வந்த ஆல்பங்களில் ஏற்ற இறக்கம் உண்டு. 1982-ன் ‘கான் ட்ரோப்போ’ வந்தது பலருக்குத் தெரியாது. அவருக்கும் அக்கறையில்லை, தோட்டம் போட்டார், வீட்டை அடமானம் வைத்து மான்டி பைதான் நகைச்சுவைக் குழு நண்பர்களின் ‘லைஃப் ஆஃப் பிரையன்’ படத்துக்குப் பணம் கொடுத்து, சினிமாத் தயாரிப்பாளராகியிருந்தார். ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு இசைத் தயாரிப்பாளர் ஜெஃப் லின் துணையோடு ‘கிளவுட் நைன்’ வந்தது, 1987-ல்.

அதன் வால்பிடித்து வந்ததுதான் அவருடைய தனி வாழ்க்கையிலேயே குஷியான அத்தியாயம். 1988 ஏப்ரலில் ஒரு சிங்கிள் தட்டின் மறுபக்கத்துக்கு ஒரு பாட்டு குறைந்தது. ஸ்டுடியோ கிடைக்கவில்லை. பாப் டிலனுக்கு போன் போட்டார். மாலிபுவில் டிலன் வீட்டு கராஜில் இடம் இருந்தது. தன் கிட்டார் டாம் பெட்டி வீட்டில் கிடந்ததால், எடுக்கப் போன இடத்தில் அவரையும் அழைத்துக்கொண்டார். ஜெஃப் லின் கூடவே இருந்தார், ராய் ஆர்பிசனும் வந்து சேர்ந்தார். என்ன பாடுவது? கராஜில் கிடந்த ஒரு பெட்டியில் ‘கவனமாகக் கையாளவும்’ என்று ஆங்கிலத்தில் லேபிள் ஒட்டியிருந்தது. அதுவே பல்லவியானது. மறுபக்கத்தில் புதைக்க இது மலிவுச் சரக்கல்ல என்று கம்பெனி சொல்ல, ஐந்து பேரும் ‘டிராவலிங் வில்பரீஸ்’ என்று பொய்ப்பெயர் சூட்டிக்கொண்டு முழு ஆல்பமே போட்டார்கள். இரண்டாவது ஆல்பத்துக்கு ‘தொகுதி 3’ என்று பெயர் வைத்த குறும்பும் அவர்களுடையது.

2001 நவம்பர் 29-ல் ஜார்ஜ் இறந்தார். பாதியில் நின்ற ‘பிரெய்ன்வாஷ்ட்’ ஆல்பத்தை ஜெஃப் லின்னும் மகனும் முடித்தார்கள். மகன் பெயர் தனி. தைவதமும் நிஷாதமும் சேர்ந்தது. ஜார்ஜ் இறந்து சரியாக ஒரு வருடம் கழித்து லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நினைவுக் கச்சேரி. ரவிசங்கர் எழுதிய இசையை அவர் மகள் அனுஷ்கா வழிநடத்தினார். கிளாப்டன், பால், ரிங்கோ, பில்லி பிரெஸ்டன், பெட்டி, லின், மான்டி பைதான் கூட்டம் என்று மேடை நிறைந்துவிட்டது. நடுவில் ஒரு கிட்டாரோடு தனி நின்றுகொண்டிருந்தார், முகம் அச்சு அசல் அப்பா.