கம்பனைக் காத்த கூனத்தறை ஆசிரியர்கள்

சித்திரபுரம், பள்ளிவாசல், மூணாறு என்று இந்த மலைப்பக்கத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் கம்பராமாயணம் பற்றிப் பேச்சு வந்தால், பெரியவர்கள் உடனே காரைக்குடியைத்தான் சொல்வார்கள். சா. கணேசன் அவர்கள் 1939-இல் அங்கே தொடங்கிய கம்பன் கழகத்துக்கு அந்தப் பெருமை உரியதுதான். ஆனால் நாம் வாழும் இதே கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில், வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கம்பன் பாடல்களை மனப்பாடம் செய்து, விடிய விடியப் பாடி, பொருளும் சொல்லி வருகிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தக் கலைக்குப் பெயர் தோற்பாவைக்கூத்து. அதைக் கற்றுக்கொடுத்து வரும் ஆசிரியர்களைப் பற்றியும், ஒரு குடும்பத்தின் வித்தையை ஊருக்குப் பொதுவான பள்ளியாக அவர்கள் மாற்றிய விதத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். வெளிமாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அதில் படித்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

கூத்து நடக்கும் முறை

பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் உள்ள பத்திரகாளி கோயில்கள் பலவற்றில், சன்னிதிக்கு எதிரே நீளமான ஒரு மண்டபத்தைப் பார்க்கலாம். அதுதான் கூத்துமாடம். ஏறத்தாழ 42 அடி நீளம். முன்பக்கத்தில் மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்புத் துணி. திரைக்குப் பின்னால் வரிசையாக 21 தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுவார்கள். அந்த வெளிச்சத்தில் தோலால் செய்த பாவைகளின் நிழல் வெள்ளைத் துணியில் விழும். கோயில் விளக்கிலிருந்து கொண்டுவரும் நெருப்பால்தான் கூத்துமாடத்து விளக்கு ஏற்றப்படும்.

தை மாதத்துக்குப் பிறகு, வயல் வேலை ஓய்ந்த காலத்தில் கூத்து தொடங்கும். கோயிலின் வழக்கத்தைப் பொறுத்து 7 நாள், 14 நாள், 21 நாள், சில இடங்களில் 41 நாள், 71 நாள் என்றும் நடப்பதுண்டு. முழு இராமாயணத்துக்கு 71 பாத்திரங்கள், ஏறக்குறைய 160 பாவைகள் வேண்டும். செண்டை, மத்தளம், இலத்தாளம், சங்கு, ஏழுபறை ஆகியவை பக்கவாத்தியங்கள்.

இக்கூத்துக்கு ஒரு ஐதீகம் உண்டு. தாரிகன் என்னும் அசுரனோடு பத்திரகாளி போர் செய்துகொண்டிருந்த அதே வேளையில் இராம ராவண யுத்தமும் நடந்து முடிந்துவிட்டதாம். அதைப் பார்க்க முடியாமல் போன குறையைத் தீர்க்கத்தான் ஆண்டுதோறும் தேவிக்குக் கூத்து நடத்திக் காட்டுகிறார்கள் என்பார்கள். ஆக, இக்கூத்தின் முதல் ரசிகை அம்மன்தான். எதிரே மனிதர் ஒருவரும் உட்காராவிட்டாலும் கூத்து நிற்காது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க அறிஞர் இதை ஆராய்ந்து 1996-இல் ஒரு நூல் வெளியிட்டார். பார்வையாளர் இல்லாத இரவுகளில் கலைஞர்கள் திரைக்குப் பின்னால் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டும் விடை சொல்லியும் பொருள் விரித்துப் பேசுவதை அவர் அதில் விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆடல்பற்று என்னும் பாடநூல்

கூத்துக்காரர்கள் பாடும் நூலுக்கு ஆடல்பற்று என்று பெயர். பெரும்பகுதி கம்பன் பாடல்கள். இடையிடையே கூத்துக்காகச் சேர்த்தவையும் உண்டு. பாட்டு தமிழ், விளக்கம் தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்தது. இதை அமைத்தவர் சின்னத்தம்பி வாத்தியார் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். மேல்சாதியார் நடத்திய இராமாயண வாசிப்பில் அவருக்கு மரியாதை கிடைக்காமல் போனதால், எல்லோரும் கேட்கும்படி கம்பனை எடுத்துக்கொண்டு பாவைக்கூத்தாக அமைத்தார் என்பது கதை. அந்தக் கதைக்குள் இருக்கிற செய்தியைக் கவனிக்க வேண்டும். கூத்தின் ஆதிகுருவாக அவர்கள் வணங்குபவர் ஒரு வாத்தியார்.

கூத்து நடத்தும் கலைஞர்களுக்குப் 'புலவர்' என்று பட்டம். ஆட்டக்காரர் என்றோ பொம்மைக்காரர் என்றோ சொல்வதில்லை. பாடலும் பொருளும் கைவந்தவருக்குத்தான் அந்தப் பெயர்.

இங்கே ஒரு விநோதத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மதுரை, கன்னியாகுமரிப் பக்கங்களில் தோல்பாவைக்கூத்து நடத்தி வந்த குடும்பங்கள் பெரும்பாலும் வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள். கேரளத்திலோ மலையாளம் பேசுகிறவர்கள் கம்பனைப் பாடுகிறார்கள். தாய்மொழி எதுவானாலும், கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால் பாட்டு நிலைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மாணவன் எப்படித் தயாராகிறான்

ஷொரணூருக்கும் ஒற்றப்பாலத்துக்கும் இடையில் உள்ள சிற்றூர் கூனத்தறை. இங்குள்ள புலவர் குடும்பத்தின் கூத்து, பக்கத்திலுள்ள கவளப்பாறை ஆரியங்காவு கோயிலோடு நெருங்கிய தொடர்பு உடையது. (கொல்லம் மாவட்டத்து ஆரியங்காவு வேறு, இது வேறு.)

சிறுவயதிலேயே பாட்டு மனப்பாடம் தொடங்கிவிடும். முதலில் பொருள் தெரியாது, வாய்தான் பழகும். பிறகு கூத்துமாடத்துக்குள் உட்கார்ந்து கேட்பது, விளக்குக்கு எண்ணெய் விடுவது, பெரியவர் கேட்கும் பாவையை எடுத்துக் கொடுப்பது. அப்புறம் யுத்தக் காட்சிகளில் பாவை பிடிப்பது. கடைசியில்தான் பொருள் சொல்லும் உரிமை. ஒரே பாட்டுக்கு இலக்கணம், புராணம், சோதிடம், வைத்தியம் என்று எங்கெங்கோ போய்த் திரும்பி வரத் தெரிந்தவரே முழுப் புலவர். பல வருஷம் ஆகும்ங்க; ஆறு மாசத்துச் சான்றிதழ் படிப்பு இல்லை.

பாவை செய்வதும் பாடத்தில் ஒரு பகுதி. முன்பு மான் தோல். இப்போது ஆட்டுத்தோல், எருமைத்தோல். தோலை வெயிலில் காயவைத்து, மயிர் நீக்கி, உருவம் வரைந்து, சிற்றுளியால் துளை துளையாகக் கொத்தி, மூங்கில் குச்சியில் கட்டுவார்கள். அந்தத் துளைகள் வழியாக வரும் ஒளிதான் திரையில் நகையாகவும் ஆடையாகவும் தெரிகிறது.

தமிழ்ப் பாடல்களை இவர்கள் பலரும் மலையாள எழுத்திலேயே எழுதி வைத்துப் படித்தார்கள். நம்ம பிள்ளைங்க தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கும்போது நாம் முகம் சுளிக்கிறோம். கூனத்தறையைப் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சுளிப்பு போய்விட்டது. எழுத்து பிறகு வரட்டும். பாட்டு முதலில் நாக்கில் ஏறட்டும்.

கதவைத் திறந்தவர்கள்

இந்தக் கலைக்கு நெருக்கடி வந்தது இருபதாம் நூற்றாண்டில். கோயில்களையும் கூத்தையும் ஆதரித்த பழைய தறவாட்டுச் செல்வங்கள் குறைந்தன. இரவு முழுக்க உட்கார்ந்து கேட்க ஆளில்லை. இளைஞர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். அம்மன் கேட்கிறாள் என்பது உண்மையான ஆறுதல்தான். ஆனால் அடுத்த புலவனை அம்மன் உருவாக்கித் தரமாட்டாள். அதற்கு மாணவன் வேண்டும்.

அப்போது முடிவு எடுத்தவர் கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925–2000). கோயிலுக்குள் மட்டுமே நடந்த கூத்தை அவர் வெளிமேடைக்குக் கொண்டு வந்தார். 21 இரவுக் கதையைச் சில மணி நேரத்தில் காட்டும்படி சுருக்கினார். வெளிநாட்டு மேடைகளுக்கும் கொண்டு போனார். ஏட்டிலும் நோட்டிலும் இருந்த பாடல்களில் ஒரு பகுதியை அச்சில் கொண்டுவரவும் உழைத்தார். 1980-இல் சங்கீத நாடக அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது. சுருக்கியதால் கலை கெட்டுவிடும் என்று சொல்வோர் எப்போதும் உண்டு. அவர் கோயில் கூத்தைச் சுருக்கவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. அங்கே முழு வடிவம். வெளியே குறுகிய வடிவம். இரண்டையும் பிரித்து வைத்ததில்தான் அவருடைய தலைமை தெரிகிறது.

அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் அடுத்த கதவைத் திறந்தார். தந்தை பெயரால் அமைந்த தோற்பாவைக்கூத்து மையத்தில், குடும்பத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். காந்தியடிகள் வரலாறு, ஏசுநாதர் கதை, பஞ்சதந்திரம் எனப் புதிய கதைகளுக்கும் பாவை செய்து பள்ளிக்கூடங்களில் காட்டினார்கள். 2021-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

மூன்றாவது கதவைத் திறந்தவர் அவர் மகள் ரஜிதா. பெண்கள் வீட்டில் பாவை செய்வதில் உதவுவார்கள். கூத்துமாடத்தில் ஏறும் வழக்கம் இல்லை. அவர் பெண்களை மட்டும் கொண்ட குழு ஒன்றை அமைத்து, 2021-இல் பெண்களின் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட பாவைக்கூத்தைப் பொதுமேடையில் நடத்தினார்.

ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும்

கூனத்தறையிலிருந்து பாரதப்புழையைத் தாண்டினால் சற்றுத் தொலைவில் செறுதுருத்தி. அங்கேதான் கேரள கலாமண்டலம் இருக்கிறது. மகாகவி வள்ளத்தோளும் மணக்குளம் முகுந்தராஜாவும் சேர்ந்து, லாட்டரிச் சீட்டு விற்றுப் பணம் திரட்டி 1930-இல் தொடங்கிய நிறுவனம். இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்கேயும் கதகளிப் படிப்பில் மாணவிகளை முறையாகச் சேர்த்தது 2021-இல்தான். ஒரு பெரிய நிறுவனத்துக்கு வர 91 வருஷம் பிடித்த முடிவு, ஒரு வீட்டுப் பள்ளியில் ஏறத்தாழ அதே காலத்தில் வந்துவிட்டது. பணமும் கட்டிடமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வள்ளத்தோளே சீட்டு விற்றுத்தானே பள்ளி நடத்தினார்? ஆனால் பள்ளி எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை ஆசிரியர்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நமக்கு என்ன?

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களில் நாம் பொங்கல் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம், வந்த கலைஞருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்புகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் பொன்னாடை வாங்கினவர் போன பிறகு நம்ம ஊரில் ஒரு மாணவன்கூட மிச்சமில்லை என்றால், அடுத்த விழாவுக்கும் வெளியிலிருந்துதான் ஆள் கூப்பிட வேண்டும்.

கூனத்தறையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடங்கள் மூன்று. முதலாவது, பாட்டுக்கு ஒரு தேவை இருக்க வேண்டும். வருஷம்தோறும் கோயிலில் கூத்து என்ற கடமை இருந்ததால்தான் பாடல்கள் மறக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கும் வருஷத்தில் ஒரு நாள், அவர்கள் பாடியே ஆக வேண்டிய நாள் என்று ஒன்று வேண்டும். இரண்டாவது, மூலத்தை முழுசாக ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, ஊருக்கு ஏற்றபடி சுருக்கிக் கொடுக்கலாம். மூன்றாவது, யார் கற்கலாம் என்ற வேலியைக் கற்றுக்கொடுக்கிறவரே எடுக்க வேண்டும். வெளியிலிருந்து கட்டளை போட்டால் நடக்காது.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். அடிமாலி, கோதமங்கலம், திருச்சூர் வழியாகப் போனால் ஒரு பகலில் ஷொரணூர் சேர்ந்துவிடலாம். கூத்துக் காலத்தில் ஒரு வேன் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம். நிழலைப் பார்த்துக் கை தட்டிவிட்டு வந்தால் போதாது. திரைக்குப் பின்னால் போய், விளக்குச் சூட்டில் உட்கார்ந்து பாடுகிறவர்களைக் கேட்கச் சொல்வோம். திரும்பி வந்த பிறகு, வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நம்மிடையே யார் முன்வருகிறார்கள் என்று கேட்போம். ஒரே ஒருவர் கை தூக்கினாலும் சித்திரபுரத்திலும் பள்ளி தொடங்கிவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம்.